கடைசியாக ஓட்டியவர்

மில் முதலாளி கஜபதியிடம் செங்கோடன் மூன்று வருஷமாக டிரைவர். பின்சீட்டில் அவர் குறட்டை விடுவார். முன்சீட்டில் இவன் தனியாக ரோட்டைப் பார்த்திருப்பான்.

அன்று கோத்தகிரி கிளப் வாசலில் நண்பர்களிடம் முதலாளி அளந்துகொண்டிருந்தார். "மலை முழுக்க நானே ஓட்டினேன். டர்போ வண்டி, மிதிச்சதும் பாயாது. ஒரு மூச்சு இழுத்து அப்புறந்தான் தள்ளும். வளைவு முடியறதுக்கு முன்னாடியே மிதிக்கணும்!"

அது செங்கோடன் என்றோ சொன்னது. அவர் காதில் விழுந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இவன் பின்னால தூங்கிட்டு வந்தான். என்னடா, சொல்லு!"

"தூங்கினவனுக்கு என்னங்க தெரியும்? ஓட்டினது யாருன்னு வண்டியே சொல்லுமுங்க. ஐயா உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

ஆள் இறங்கினால் பின்வாங்கி, ஸ்டார்ட் செய்ததும் கடைசியாக ஓட்டியவரின் அளவுக்கு வரும் சீட்டு அது. அது தெரியாத முதலாளி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். குள்ளச் செங்கோடனின் அளவுக்குச் சீட்டு முன்னால் நகர, தொப்பை ஸ்டியரிங்கில் அழுந்தி ஹாரன் அலறியது. கிளப்பே சிரித்தது.

முதலாளி நண்பர் காரில் மலையிறங்கிவிட்டார். செங்கோடன் தனியாக ஏறி ஸ்டார்ட் செய்தான். சீட்டு மெல்ல முன்னால் வந்து, சரியான இடத்தில் நின்றது.

மூன்று வருஷத்தில் அவனைத் தெரிந்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.