நயினார் அண்ணாச்சியும் அமெரிக்கத் தேர்தலும்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பது நெருங்குகிறது. என்ன இது தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். சோழிங்கநல்லூர்ப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் இப்போதெல்லாம் இப்படித்தான்.

குருவின் பெயர் ஜெஸிந்தா. தூத்துக்குடிக்காரி. அமெரிக்க டிவி கம்பெனி ஒன்றுக்கு, தேர்தல் முடிவுகளை உடனுக்குடன் காட்டும் வெப்சைட்டைச் செய்துகொடுக்கும் குழுவுக்குத் தலைவி. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

சீடர் சங்கரநயினார். அம்பாசமுத்திரத்துக்காரர். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்ஃப்ரேம் என்கிற பழங்காலப் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களை இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறவர். அதில் அவர் புலி. அதை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் ஜெஸிந்தாவைத் தேடி ஓடி வருவார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள். அவர் அவளை 'குருவே' என்பார். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட்டார். போகப் போகக் கிண்டல் கழன்றுவிட்டது, குரு மட்டும் நின்றுவிட்டது.

நயினாருக்கு ஒரு வியாதி உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்றால் இங்கே இவருக்குக் காய்ச்சல் ஏறிவிடும். எந்த மாநிலத்தில் யார் முன்னால், எது எந்தப் பக்கம் சாயும், எல்லாம் மனப்பாடம். சொந்த ஊர் எம்எல்ஏ யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். ஒஹாயோவின் கவர்னர் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

வெறும் ஆர்வம் என்றால் போகட்டும் என்று விடலாம். மனுஷன் தன் பிழைப்பையே கொண்டுபோய் அதில் கட்டிவைத்திருந்தார். ஒரு தேர்தலின்போது, ஜாவா என்கிற புதிய கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவாருங்கள் என்று கம்பெனியே செலவு செய்து அனுப்பப் பார்த்தது. "புது அதிபர் வந்து அவுட்சோர்சிங்கையே நிறுத்திட்டா படிச்சு என்ன பிரயோஜனம்? முடிவு வரட்டும்" என்றார். முடிவு வந்தது. அதற்குள் வகுப்பு முடிந்துபோயிருந்தது. அடுத்த தேர்தலில் விசா வந்தது. அப்போதும் அதே பாட்டுத்தான். அவருக்குப் பதிலாகப் போனவன் இப்போது டெக்சாஸில் நீச்சல் குளம் வைத்த வீட்டில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் படம் வேறு அனுப்புகிறான், பாவி. அதற்கப்புறம் வந்த தேர்தல்களில் என்னென்ன வந்தது, என்னென்ன போனது என்று அவர் மனைவி கோமதியிடம் கேளுங்கள். ஒரு வேளைச் சமையலை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சொல்லுவாள்.

இந்தத் தடவை வந்தது கொஞ்சம் பெரிது.

தேர்தலுக்கு முந்தின திங்கட்கிழமை. மேனேஜர் பிலிப் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நயினார் சார், மார்ச்சோட உங்க மெயின்ஃப்ரேமை மூடுறாங்க."

"சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

"இந்தத் தடவை கையெழுத்தே ஆயிடுச்சு. நாலாவது மாடியில புது டீம் போடுறோம். ஆஸ்பத்திரி பில்லைப் படிச்சு, இன்சூரன்ஸ் பணம் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்ற ஏஐ. இன்சூரன்ஸ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். ஆனா லீடர் கீடர் எல்லாம் கிடையாது. அங்க இருக்கற பசங்களோட பசங்களா உட்கார்ந்து, முதல்லேர்ந்து கத்துக்கணும்."

"யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா, எனக்கு?"

பிலிப் நல்ல மனுஷர். மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினார். "மார்ச்சுக்கு அப்புறம் உங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட வேலை இல்ல சார்."

வேறு யாராக இருந்தாலும் ஆடிப்போயிருப்பார்கள். நயினாரும் ஆடிப்போனார். ஆனால் புதன்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு குஷியும் சேர்ந்து கிளம்பியது. அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை ஓட்டு. நமக்குப் புதன்கிழமை காலையிலிருந்து எண்ணிக்கை. சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்! அடேயப்பா, கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது! படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஜெஸிந்தாவிடம் ஓடினார்.

அங்கே ஒரே அமர்க்களம். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தேர்தலுக்கு முன்னால் இது வழக்கம். பொய்யான ஓட்டுக் கணக்கை உள்ளே அனுப்பி, வெப்சைட் அதைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவை ஒருத்தரை ஜெயிக்க வைப்பார்கள், அடுத்த தடவை மற்றவரை. சுவரில் பெரிய திரை, அதில் அமெரிக்க வரைபடம். குழுவில் இருந்தவர்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பொய்க் கணக்குக்கே இந்தக் கும்மாளம்.

இந்தத் தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் ஆறரை அடி உயரம், ஆபீஸில் அவருக்கு நெட்டையர் என்று பெயர். இன்னொருவர் கண்ணாடிக்காரம்மா.

"குருவே, ஒரே ஒரு கேள்வி. யாரு ஜெயிப்பா?" என்றார் நயினார் மூச்சு வாங்க.

"யாரை ஜெயிக்க வைக்கணும், அண்ணாச்சி?"

"விளையாடாதீங்க. இது பிழைப்பு விஷயம்." பிலிப் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார். "முடிவு தெரிஞ்சாப் போதும். நாலாவது மாடிக்குப் போகவா வேண்டாமான்னு பட்டுன்னு சொல்லிருவேன்."

ஜெஸிந்தா ஒரு பொத்தானை அழுத்தினாள். வரைபடத்தில் மாநிலம் மாநிலமாக நிறம் ஏறியது. கடைசியில் நெட்டையர் படம் பெரிதாக வந்து, வெற்றி என்று மின்னியது. அறையே கத்தியது. பொய் என்று தெரிந்தும் நயினாருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நெட்டையர் ஜெயிச்சாச்சு. முடிவைச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

நயினாருக்கா சொல்ல வராது! "நெட்டையர் வந்தா கம்பெனிகளுக்கு வரியைக் குறைப்பாரு. இன்சூரன்ஸ்காரன் கையில காசு புரளும். காசு புரண்டா பழசை எதுக்கு மூடப்போறான்? கையெழுத்தாவது ஒண்ணாவது, இன்னும் நாலு வருஷம் ஓட்டுவான். நான் எதுக்கு மாடி ஏறணும்? இங்கயே இருந்துருவேன்."

ஜெஸிந்தா இன்னொரு பொத்தானை அழுத்தினாள். நிறங்கள் மாறின. கண்ணாடிக்காரம்மா சிரித்தார். அறை மறுபடியும் கத்தியது, அதே தொண்டையோடு.

"இப்ப அந்தம்மா. சொல்லுங்க."

"அந்தம்மாவா? ஆகா, அந்தம்மா சட்டம் சட்டமாப் போடுமே! முதல் வேலையா ஏஐக்குக் கடிவாளம் போடும். நாலாவது மாடியையே இழுத்து மூடிருவாங்க. அங்க போய் மாட்டிக்கிடதுக்கு நான் என்ன கிறுக்கனா? இங்கயே இருக்கதுதான் புத்தி."

சொல்லி முடித்துவிட்டு, எப்படி என்பதுபோலப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க எங்க எல்லாரையும்விடப் பழைய புரோகிராமர். ஒரு புரோகிராமுக்கு இன்புட்டை மாத்தி மாத்திக் கொடுக்கோம். ஒரே அவுட்புட்தான் வருது. என்ன அர்த்தம்?"

"இது தெரியாதா? புரோகிராம் அந்த இன்புட்டைப் படிக்கவே இல்லைன்னு..."

நயினார் திரும்பித் திரையைப் பார்த்தார்.

ஜெஸிந்தா திரையை அணைத்தாள். "இப்ப யாரும் ஜெயிக்கலை. தேர்தலே கிடையாது. சொல்லுங்க."

நயினாருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால்! விருட்டென்று எழுந்து போய்விட்டார். காபி மெஷின் பக்கத்தில் நின்று, சர்க்கரை போடாத காபியைச் சர்க்கரை இல்லை என்றே தெரியாமல் குடித்தார். குடித்து முடித்த பிறகு கால் தானாகத் திரும்பி வந்தது. ஒத்திகை முடிந்து மற்றவர்கள் கலைந்திருந்தார்கள்.

"பயமா இருக்கு, குருவே" என்றார்.

"எதுக்கு?"

"அந்த நாலாவது மாடிப் பசங்க எல்லாம் என் மகன் வயசு. நான் சின்னப்பிள்ளை மாதிரி ஒண்ணு கேப்பேன். அவனுக ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துச் சிரிப்பானுக. இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்துல புலின்னு பேரு வாங்கினவன் நான். ஏறிப் போய்த் தோத்துட்டு இறங்கி வந்தா, இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்க?"

ஜெஸிந்தா ஆறுதல் சொல்லவில்லை. "புதன்கிழமை மத்தியானம் கேன்டீன்ல பிரியாணி. எங்க டீம் செலவு. வந்துருங்க" என்றாள்.

இதென்ன பதில் என்று நயினாருக்கு எரிச்சலாக இருந்தது. பிரியாணி என்றதால் பேசாமல் போனார்.

புதன்கிழமை வந்தது. என்னவென்று சொல்ல! கேன்டீனில் உட்கார இடமில்லை. பெரிய திரையில் ஜெஸிந்தாவின் வெப்சைட் ஓடியது. நிஜ ஓட்டு, நிஜ எண்ணிக்கை, ஒரு விநாடிகூடத் திணறவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மேஜையைத் தட்டினார்கள். ஒரு மணி நேரம் நெட்டையர் முன்னால், அடுத்த மணி நேரம் அந்தம்மா. நயினார் நாற்காலிமேல் ஏறி நின்று, "பாருங்க, பென்சில்வேனியா இப்ப திரும்பும் பாருங்க!" என்று கத்தினார். அது திரும்பியும்விட்டது. நாலைந்து பேர் சேர்ந்து அவரைத் தூக்கி இறக்கினார்கள். பிலிப் இரண்டு தடவை போன் செய்தார். நயினார் இரண்டு தடவையும் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிரியாணி வந்த நேரத்தில் முடிவும் வந்தது. கண்ணாடிக்காரம்மா ஜெயித்துவிட்டார். கேன்டீன் கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். ஜெஸிந்தாவின் குழு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தது. யார் ஜெயித்தார்கள் என்பதற்காக அல்ல, வெப்சைட் விழாமல் நின்றதற்காக.

கொஞ்ச நேரத்தில் திரையில் நெட்டையர் மேடை ஏறினார். தோற்றதை ஒப்புக்கொண்டு பேச வந்திருக்கிறார். அந்த உயரத்துக்கு மைக் எட்டவில்லை. குனிந்தார். குனிந்த வேகத்தில் கண்ணாடித் தம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது. கேன்டீன் கொல்லென்று சிரித்தது. நயினாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெஸிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கீங்க, அண்ணாச்சி?"

"பின்னே என்ன, குருவே! மனுஷனுக்கு இது மூணாவது தோல்வி. நரைச்சுப் போன காலத்துல, உலகமே பாக்க, இப்படி வந்து நிக்காரே. இது தேவையா?"

"தேவையில்லைதான். நீங்க வேலைக்கு வந்த நாள்லேர்ந்து எத்தனை தடவை தோத்திருக்கீங்க?"

"நானா?" நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் பிரியாணி, முகத்தில் பெருமை. "ஒரு தடவைகூடக் கிடையாது."

"எத்தனை தடவை நின்னீங்க?"

நயினார் கையிலிருந்த சோற்றை மெதுவாகத் தட்டில் வைத்தார். எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் நாலாவது மாடிக்குப் போகிற படியைப் பார்த்து நடந்தார்.