சேலைச் சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அந்த மனுஷர் எங்கள் திருவேலங்குறிச்சிப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. வந்திருந்தால், வீட்டுச் சபையைத் தாண்டிப் பார் என்பதையும் சேர்த்திருப்பார்.

எங்கள் ஊரில் புது வீடு கட்டினாலும் சரி, இருக்கிற வீட்டோடு ஒரே ஓர் அறையை ஒட்டினாலும் சரி, முதலில் சபை பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டப்போகிற இடத்தில் சவுக்குக் கம்பு நட்டு, சுவர் வரப்போகும் உயரத்துக்குப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். சபைக்காரர்கள் தெருவில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால் கொத்தனார் வருவார். ஆட்டாவிட்டால் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

அந்த வருஷம் சபைத் தலைவர் ஆவுடையப்பன். அறுபதைத் தாண்டியவர். ஒரு நாள் காலையில் உமையாள் அம்மையைத் தேடி மடத்துக்கு வந்தார். அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகள் வயதுக்காரியைக் குரு என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, முகம் வாடிக் கிடக்கு?"

"பிரமு வீட்டு விவகாரந்தான் அம்மா. மக இசக்கி கைக்குழந்தையோட வந்துட்டா. இனிமே புருஷன் வீட்டுக்குப் போக வழியில்லை. இருக்கிறது ஒரே பத்தி, சமையல், படுக்கை எல்லாம் அதுலதான். பச்சைப் பிள்ளை அடுப்படியில கிடந்து இருமுது. பக்கத்துக் காலி இடத்துல ஒரு ரூமு கட்டிக்கிடுதேன்னு பிரமு கேக்கா."

"கட்டட்டுமே."

"கட்டினா டெய்லர் கோமதிநாயகம் ஜன்னல் அடைஞ்சு போகும். அவரு மிஷின் அந்த ஜன்னலடியிலதான் கிடக்கு. கண்ணு ஏற்கெனவே மங்கல். ட்யூப் லைட் வெளிச்சத்துல கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் ஒண்ணாத் தெரியுதாம். வெளிச்சம் போச்சுன்னா என் பிழைப்பே போச்சுங்காரு."

"அதுவும் சரிதானே."

"அதானே அம்மா என் தலைவலி! ரெண்டு பேர் சொல்லுததும் நியாயமா இருக்கு. ஒருத்தர் பொய் சொன்னா எனக்கு எவ்வளவு சௌகரியம்! இன்னைக்கு நான் தீர்ப்புச் சொல்லியாகணும். நியாயம் எந்தப் பக்கம் இருக்குன்னு எப்படி அம்மா பாக்கிறது?"

அம்மை கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"சேலை கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. தெருவுல நின்னு பாத்தும் ஆச்சு."

"வாங்க, போவோம்."

பிரமு வீட்டு வாசலில் கூட்டம். நம் ஊரில் அடுத்தவன் வீட்டு வழக்கு என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். சேலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சுங்குடி ஒன்று, நைலக்ஸ் இரண்டு, சாயம் போன பூப்போட்ட சேலைகள் சில. டெய்லர் வீட்டு ஜன்னலுக்கும் அந்தச் சேலைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்துதான் இருந்தது.

அந்த இரண்டு வீடுகளும் அதுவரை உறை மோருக்குக் கிண்ணம் நீட்டிக்கொண்ட வீடுகள். இப்போது பிரமு கிழக்கே பார்த்து நின்றாள், கோமதிநாயகம் மேற்கே பார்த்து நின்றார்.

"அண்ணாச்சி," என்றார் அம்மை டெய்லரிடம். "அந்தச் சேலைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க."

"நான் எதுக்கு அவ வீட்டுக்குள்ள போகணும்?"

"வீடு எங்க இருக்கு? இன்னும் சேலைதானே."

கூட்டம் சிரித்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

"பிரமு, நீ போய் அண்ணாச்சி மிஷின் முன்னால உட்காரு."

"எனக்குத் தைக்கத் தெரியாதே அம்மா."

"தைக்க வேண்டாம். கறுப்பு நூலை எடுத்து ஊசியில கோத்துக் கொண்டா, போதும்."

அவளும் போனாள். தெருவில் நின்ற எங்களுக்கு இப்போது இரண்டு பேருமே தெரியவில்லை. ஆவுடையப்பன் அம்மையைப் பார்த்தார். அம்மை அங்கே கிடந்த செங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்து டெய்லரின் குரல் வந்தது.

"ஏ இசக்கி, நீ இங்கயா இருக்க?"

"சும்மாதான் மாமா," என்றாள் அந்தப் பெண். "ரூமு எப்படி இருக்கும்னு பாத்தேன்."

அவள் விடியற்காலையிலேயே உள்ளே குடியேறிவிட்டிருந்தாள். பாய் விரித்து, குழந்தையைப் போட்டு, துணிப் பையை ஒரு மூலையில் வைத்து, கம்பில் ஒரு கண்ணாடியைக்கூட மாட்டியிருந்தாள். இதைப் பிறகு டெய்லரே எங்களிடம் சொன்னார்.

உள்ளே அவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்திருப்பார் போல. பிறகு டெய்லர் கத்தினார்.

"பிரமு! ஏ பிரமு! இதுல ஜன்னல் எங்க?"

சேலைக்கு அந்தப் பக்கம் ஜன்னலிலிருந்து பிரமுவின் குரல் கேட்டது. "உங்க பக்கம் ஜன்னல் வச்சா நீங்க சண்டைக்கு வருவீகன்னு வைக்கல அண்ணாச்சி."

"அதுக்காக? உள்ளே நிக்க முடியல. பிள்ளை வெந்து போகாதா?"

"அண்ணாச்சி, அதை விடுங்க. இங்க நூலு கோக்க முடியல. நானும் எத்தனை தரம் பாக்கேன், ஊசிக்காது இருக்கிற இடமே தெரியல. இந்த இருட்டுல நீங்க என்ன செய்வீக? வேண்டாம் அண்ணாச்சி. நான் கட்டல."

"கட்டாம? பிள்ளையை அடுப்படியிலயே போட்டுப் புகை குடிக்க வைப்பியோ? கட்டு!"

"மாட்டேன்."

"கட்டுன்னா கட்டு!"

"உங்க பிழைப்புல மண்ணைப் போட்டுட்டு எனக்கு ஒரு ரூமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"பெரிய புண்ணியவதி! பிள்ளை மூஞ்சியைப் பாருடி வந்து!"

தெருவே வாய் விட்டுச் சிரித்தது. ஆவுடையப்பன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையா ஆயிடுச்சே. நேத்து அவ கட்டுவேன்னா, இவரு கூடாதுன்னாரு. இன்னைக்கு இவரு கட்டுங்காரு, அவ மாட்டேங்கா. நான் யாருக்குன்னு சொல்ல?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

அப்போதுதான் டெய்லர் பக்கத்துச் சேலை ஆடியது. உள்ளே இருந்து ஒரு கை அதை முடிச்சு அவிழ்த்துக் கீழே இறக்கியது. சந்துக்குள் எட்டிப் பார்த்தோம்; சேலைக்கு மேல் கோமதிநாயகத்தின் தலை தெரிந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது.

"பிரமு, இந்தப் பக்கச் சுவரு என் உசரத்துக்கு இருந்தாப் போதாதா? உன் வீட்டுச் சுவத்துல இருந்து சாய்ப்பா இறக்கி, ஓடு போட்டுரு. இப்ப நூலு தெரியுதா, பாரு."

ஜன்னலில் பிரமு ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு நூலை நீட்டினாள்.

"தெரியுது! கோத்துட்டேன் அண்ணாச்சி!"

"பிறகு என்ன?"

"தளம் போட்டாத்தான் நாலு பேரு மதிப்பான்னு இசக்கி அப்பாவுக்கு ஆசை. மதிப்பு கிடக்கு, கழுதை! சாய்ப்பே போடுதேன். சுவத்துக்கு நல்லா வெள்ளை அடிச்சுத் தாரேன். வெளிச்சம் அதுல பட்டு உங்க மிஷின் மேல விழும்லா?"

"விழும். ஜன்னலை என் பக்கமா வை."

"அடுத்த வீட்டைப் பாத்து ஜன்னல் வைக்கச் சபை விடாதே."

"என் வீட்டைத்தானே பாக்கப் போகுது? நான் சொல்லுதேன், வை."

கூட்டத்தில் நின்ற கொத்தனார் யாரும் கூப்பிடாமலேயே நூல்கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சேலைச் சுவருக்குள் இசக்கி அழுதாள். பயம் விட்டுப் போனதும் வருகிற அழுகை அது. பிரமுவும் ஓடி வந்து சேர்ந்துகொள்ள, அம்மாவும் மகளுமாக அழுது முடித்து மூக்கைச் சிந்தினார்கள். எங்களுக்கும் அப்பாடா என்று இருந்தது.

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மையின் முன் குனிந்து நின்றார்.

"அம்மா, நான் தீர்ப்பு இன்னும் சொல்லலையே?"

அம்மை திரும்பிப் பார்த்தார். பிரமு எல்லாருக்கும் காப்பி போட உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். டெய்லர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கு நின்றார். தெருக்காரர்கள் ஓடு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க ஐயா," என்றார் அம்மை. "கேக்கத்தான் ஆள் இல்லை."