ஞானப்பூ மடியேறின ஓணான்

ஒரு காலத்துல, தேரிக்காட்டுச் செம்மண்ணு ஓரத்துல ஒரு ஊரு இருந்துச்சு. சின்ன ஊருதான், ஆனா ஊரு நடுவுல நம்ம வேதக்கோயிலு இருக்கே, அது மட்டும் பெருசு. அந்த ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் பொண்டாட்டி பேரு ஞானப்பூ. தம்பி பொண்டாட்டி பேரு அன்னபாக்கியம். பேரை இப்பவே மனசுல வாங்கிக்கோங்க, அப்புறம் நடுவுல மூத்தவ யாரு இளையவ யாருன்னு என் வாயைக் கிளறப்படாது.

ஞானப்பூ கெட்டவ இல்ல மக்கா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தவற மாட்டா. பாட்டுல அவ குரலுதான் ஓங்கிக் கேக்கும். கோயிலுக்குப் பிடியரிசி எடுத்து வைக்காம உலையில அரிசி போட மாட்டா. ஆனா அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஆசைதான் அவளைப் படுத்துன பாடு இருக்கே, அப்பப்பா!

என்ன ஆசைன்னு கேக்கணுமா இல்லியா? வாயில என்ன கொழுக்கட்டையா? சரி, நானே சொல்லுதேன். அந்த ஊர்ல ஸ்தோத்திரப் பண்டிகை வந்தா, ஒவ்வொரு வீட்டுலயும் விளைஞ்ச முதல் பூசணிக்காயைக் கோயிலுக்குக் கொண்டு வரணும். அன்னைக்கு ஊரு பூராவும் ஒரே பந்தியில உக்காந்து ஒரே குழம்பு ஊத்திச் சாப்பிடுற அசனம் நடக்கும். எந்த வீட்டுக் காயி பெருசோ, அந்த வீட்டுப் பொம்பளதான் அசன அடுப்புல முதல் தீ வைக்கணும். கொடி அங்கயும் இங்கயும் ஓடுமே, சண்டை வரக்கூடாதுன்னு இன்னொரு கட்டளையும் உண்டு. வேரு எந்த வீட்டு மண்ணுல இருக்கோ, காயி அந்த வீட்டுக்குத்தான். கோயில்ல காயை வாங்கி வைக்கும்போது, ஆராதனை நடத்துற உபதேசியாரு "எந்த வீட்டு வேரு?"ன்னு கேப்பாரு, கொண்டு வந்தவங்க சொல்லணும்.

மாமியாக்காரி இருந்தவரைக்கும் அவதான் தீ வச்சா. அவ போன பிறகு வருசா வருசம் ஞானப்பூதான். தீக்குச்சியைக் கிழிக்கும்போது ஊரே பாக்கும் பாருங்க, அந்த ஒரு நிமிசத்துக்காகவே அவ வருசம் பூரா உயிரை வச்சிக்கிட்டு இருந்தா.

அந்த வருசம்தான் அன்னபாக்கியம் புதுசா வாக்கப்பட்டு வந்தா. பக்கத்து வீட்டுலயே குடித்தனம். அவளும் ஒரு பூசணி விதையை ஊணிட்டா. அவ்வளவுதான், முதல் தீ தன் கையை விட்டுப் போயிருமோன்னு ஞானப்பூ பயந்துட்டா. என்ன செஞ்சா தெரியுமா? உடைமுள்ளை வெட்டிட்டு வந்து ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலி போட்டா. அது பத்தாதுன்னு வேலி மேல இன்னொரு வேலி போட்டா. அதுவும் பத்தாதுன்னு நாயைக் கொண்டாந்து கட்டிப் போட்டா. கோழி நுழையாது, ஆடு நுழையாது, காத்தே கீறிக்கிட்டுத்தான் வரணும். அப்படிக் காவல்.

ஒரு நா வேலி மேல ஒரு ஓணான் வந்து உக்காந்துச்சு. விரல் தண்டிதான் இருக்கும். தலையை ஆட்டி ஆட்டி என்ன சொல்லிச்சு?

"ஞானப்பூ, ஞானப்பூ, எட்டிப் பாரு! அவ கூரையில ஒரு காயி, உன் பந்தல்ல வெறும் இலை!"

அவ சூன்னு வெரட்டியிருக்கணும். வெரட்டல. எட்டிப் பாத்தா. பாத்தா, அன்னபாக்கியம் ஓலைக் கூரை மேல கலயம் தண்டிக்கு ஒரு பூசணிப் பிஞ்சு! ஞானப்பூவுக்கு ஒரு பெருமூச்சு வந்துச்சு. அந்தப் பெருமூச்சை ஓணான் லபக்குன்னு முழுங்கிச்சு. ஆமா மக்கா, அதுக்குத் தீனியே அதுதான். முழுங்கினதும் கை தண்டிக்கு வளந்துச்சு.

அடுத்தாப்புல அன்னபாக்கியம் வேலியோரம் வந்து நின்னு, "அக்கா, அக்கா, ஒரு சேதி சொல்லணும், செத்த வாங்களேன்"ன்னு கூப்பிட்டா. ஓணான் உடனே, "போகாத, பெருமை அடிக்க வந்திருக்கா!"ன்னுது. ஞானப்பூ, "அடுப்புல பால் பொங்குதுளா"ன்னு திரும்பிட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு ஓணான் அடுப்படிக்கே வந்துட்டு. "ஞானப்பூ, ஞானப்பூ, எட்டிப் பாரு! இப்ப அது குடம் தண்டி!" எட்டிப் பாத்தா, குடம் தண்டிதான். பெருமூச்சு விட்டா, ஓணான் முழுங்கிச்சு, பூனை தண்டிக்கு வளந்துச்சு. அன்னபாக்கியம் மறுபடியும் வந்து, "அக்கா, அந்தப் பூசணிக்காயைப் பத்தி..."ன்னு ஆரம்பிச்சா. "எனக்குத் தலைவலி, அப்புறம் வா"ன்னு ஞானப்பூ கதவைச் சாத்திட்டா.

அப்புறம் என்ன, ஓணான் நேரா அவ மடியிலயே ஏறி உக்காந்துக்கிட்டு. அவளும் முந்தானையைப் போத்தி வச்சுக்கிட்டா. சோறு இறங்கல, தூக்கம் இல்ல. கோயில்ல பாட்டுப் பாட வாயைத் திறந்தா பெருமூச்சுதான் வருது. தன் கொடிக்குத் தண்ணி ஊத்தும்போது, "இலை இலையா விடுதியே மூதேவி, ஒரு காயி உண்டா ஒனக்கு?"ன்னு வைதுக்கிட்டே ஊத்துவா. மூணாம் தடவை அன்னபாக்கியம் வந்து, "அக்கா, ரெண்டே வார்த்தை"ன்னா. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"ன்னு ஞானப்பூ போயே போயிட்டா. மாடு நல்லா தண்ணி குடிச்சிட்டு அசை போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு, அது வேற கதை.

பண்டிகைக்கு ஒரு வாரத்துக்கு முன்னால வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஊரே கோயில்ல இருக்கு. ஞானப்பூ மட்டும் காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு வீட்டுல இருந்தா. மடியில இருந்த ஓணான் சொல்லுது, "அவ தீ வைப்பா, நீ கையைக் கட்டிக்கிட்டு நிப்பியா? கோணி ஊசியை எடு, கங்குல வச்சுப் பழுக்கக் காய்ச்சு."

எடுத்தா. காய்ச்சினா. வேலியைத் தாண்டப் பாத்தா, அவ போட்ட முள்ளு அவளையே விடல, கையெல்லாம் கீறிட்டு. தெருவைச் சுத்திப் போயி, ஏணி வச்சுக் கூரையில ஏறினா. பூசணிக்காயிக்கு அடியில வைக்கோல்ல சும்மாடு சுத்தி, வெயிலு படாம ஓலையால மூடி, பச்சைப்பிள்ளை மாதிரி வச்சிருந்தா அந்தப் பொண்ணு. அதைப் பாத்தாவது இந்தப் பாவி மனசு இளகப்படாதா? இளகலயே! காயை லேசாப் புரட்டி, அடிப்பக்கம் சரக்குன்னு ஒரு குத்து, ஓணான் சிரிச்சுது. இன்னொரு குத்து, ஓணான் வாலை ஆட்டுச்சு. மூணாவது குத்து, ஓணான் நகத்தால அவ நெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. மேல ஒண்ணும் தெரியல. காயை முன்ன இருந்த மாதிரியே வச்சிட்டு இறங்கிட்டா.

பண்டிகையும் வந்துச்சு. ஞானப்பூவைத் தவிர எல்லாரும் காயைக் கொண்டாந்து வைக்காங்க. உபதேசியாரு ஒவ்வொருத்தர் கிட்டயா கேக்காரு. கடைசியில அன்னபாக்கியம் புதுத் துண்டு விரிச்சு, அடி வைக்கோலோடயே மூச்சு வாங்க அந்தப் பூசணிக்காயைத் தூக்கிட்டு வந்தா. கோயிலே ஆன்னு பாத்துச்சு.

"எந்த வீட்டு வேரும்மா?"ன்னு கேட்டாரு உபதேசியாரு.

"எங்க அக்கா ஞானப்பூ வீட்டு வேரு ஐயா"ன்னா அன்னபாக்கியம்.

ஞானப்பூ விசுக்குன்னு நிமிந்து பாத்தா.

"நான் ஊணுன விதை முளைக்கவே இல்ல ஐயா. அக்கா கொடிதான் வேலிக்கு அடியில நுழைஞ்சு வந்து எங்க கூரையில ஏறிக் காய்ச்சிருக்கு. முள்ளு அடர்த்தியா இருக்கவும் அக்காவுக்குத் தெரியல. மூணு தடவை சொல்லப் போனேன், அவங்களுக்கு வேலை. சரி, பண்டிகை அன்னைக்கு அவங்க பேர்லயே வச்சு சந்தோசப்படுத்துவோம்னு பாத்துக்கிட்டேன்"ன்னு சொல்லி, அக்காவைப் பாத்துச் சிரிச்சா.

கேட்டியளா மக்கா! அவ வேரு, அவ ஊத்துன தண்ணி, அவ காயி. அதைப் பாத்துத்தான் இம்புட்டு நாளும் அவ வயிறு எரிஞ்சிருக்கு!

உபதேசியாரு சந்தோசமா காயைத் தூக்கினாரு. தூக்கினதும் அடி பொத்துனு பிஞ்சு விழுந்துட்டு. அழுகின தண்ணி கொடகொடன்னு கொட்டி, புழு நெளியுது, நாத்தம்னா நாத்தம், முன்னால இருந்தவங்க மூக்கைப் பொத்திட்டு எழும்பிட்டாங்க.

ஒரு கெழவன் எந்திரிச்சு அன்னபாக்கியத்தைக் கையை நீட்டிக் கேட்டான். "ஏம்மா, உன் கூரையிலதான கெடந்துது? வேரு அவளுதுங்கிற வயித்தெரிச்சல்ல நீதான் எதையாவது செஞ்சிட்டியா?"

அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு. "ஐயோ, நான் இல்ல மாமா"ன்னு எல்லாரையும் பாத்துக் கும்பிட்டா.

மடியில ஓணான் குசுகுசுங்குது. "சும்மா இரு ஞானப்பூ. யாருக்குத் தெரியும்? பழி அவ தலையில விழட்டும். அடுத்த வருசம் தீ நீதான் வைப்ப."

ஞானப்பூ முள்ளு கீறின தன் கையைப் பாத்தா. அன்னபாக்கியத்தைப் பாத்தா. நெஞ்சுல நகம் இறுகுது. அப்படியும் எந்திரிச்சு நின்னா.

"அவ இல்ல. நான்தான் குத்தினேன். ஊசியைக் காய்ச்சி மூணு குத்து குத்தினேன். பொறாமையில எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு"ன்னு ஓன்னு அழுதா. அந்த வார்த்தை வெளிய வந்ததுதான் தாமதம், ஓணான் பொத்துனு கீழ விழுந்து, பூனை தண்டி கை தண்டியாகி, கை தண்டி விரல் தண்டியாகி, வாசல் வழியா ஓடியே போச்சு.

மன்னிச்சாங்களான்னு கேக்கியளா? மன்னிச்சாங்க. ஆனா சும்மா விட்டுருவாங்களா? அழுகினதை அவ கையாலயே அள்ளிக் கழுவச் சொன்னாங்க. அசன அண்டாவை எல்லாம் அவதான் தேச்சா. காயைப் பேணிக் காத்தவ வைக்கட்டும்னு ஊரு சொல்ல, முதல் தீயை அன்னபாக்கியம் வச்சா, ஊரே பாத்துச்சு, ஞானப்பூ கரிச்சட்டியோட மூலையில நின்னு பாத்தா. உள்ளுக்குள்ள வலிக்கத்தான் செஞ்சுது. ஆனா பெருமூச்சு வரும்போது வாயை இறுக்க மூடிக்கிட்டா.

அப்ப அன்னபாக்கியம் புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு, "அக்கா, விறகு ஈரமா இருக்கு, பிடிக்க மாட்டேங்குது, செத்த வந்து ஊதுங்களேன்"ன்னு கூப்பிட்டா. இந்தத் தடவை ஞானப்பூ, அடுப்புல பாலுன்னு சொல்லல, தலைவலின்னு சொல்லல, மாடுன்னும் சொல்லல. கரிக்கையோட ஓடிப்போயி பக்கத்துல குத்தவச்சு ஊதினா. தீ பிடிச்சுக்கிட்டு.

அந்த ஓணான் செத்துப்போகல மக்கா. எந்த வேலியிலயாவது உக்காந்து, எட்டிப் பாரு எட்டிப் பாருன்னு தலையை ஆட்டிக்கிட்டேதான் இருக்கும். தோட்டத்துக்கு எவ்வளவு முள்ளும் போடுங்க, மனசு வாசல்ல காவல் இல்லன்னா எல்லாம் வீணு. அது விரல் தண்டியா இருக்கும்போதே, ஆண்டவர் பேரைச் சொல்லி சூன்னு வெரட்டிப் போடணும். அசனம் முடிஞ்சுது, அண்டா கழுவியாச்சு, கதையையும் கவுத்து வச்சாச்சு. போயிக் காலைக் கழுவிட்டுப் படுங்க.