அம்மாவின் முன்னங்கால்

செந்நாய்கள் திரியும் ஒரு காட்டில், ஓடைக்கு மேலே விழுந்து கிடந்த வேங்கைமரத்தின் பொந்தில், ஒரு சருகுமான் குடியிருந்தது. முயலளவுதான் இருக்கும். கொம்பும் கிடையாது, வேகமும் கிடையாது. பயம் மட்டும் நிறைய இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. பெயர் குன்னி.

குழந்தைகளே, நீங்கள் வீட்டில் வாசிக்கவும் கணக்குப் போடவும் பழகுகிறீர்கள் அல்லவா? குன்னியும் பொந்து வாசலில் பழகியது. அதற்கு எழுத்து என்பது சேற்றில் பதிந்த காலடி. கணக்கு என்பது, ஓடைக்கு இறங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது.

தாய் வாயில் குச்சியைக் கவ்வி ஈரமண்ணில் தடங்களைக் கீறும்.

"இது யாரு?"

"நகம் வளைஞ்ச செந்நாய்."

"இது?"

"ஒரு விரல் இல்லாதது."

"நாலு இறங்கிச்சு, மூணு ஏறிச்சு. அப்போ?"

"ஒண்ணு புதர்ல பதுங்கியிருக்கு."

"தப்பா எண்ணினா?"

"நான் இருக்க மாட்டேன்."

செந்நாய்களின் வழக்கம் அது. கூட்டமாக இறங்கும், ஒன்றிரண்டைப் புதரில் விட்டுவிட்டு மற்றவை ஏறிப் போய்விடும். குன்னியின் அப்பா எண்ணாமல் தண்ணீரில் வாய் வைத்தது. அதன் பிறகு பொந்துக்குத் திரும்பவில்லை.

பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றிக்குப் பெருமை பேசாவிட்டால் சாப்பாடு செரிக்காது. ஒருநாள் பாட வேளையில் வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, பாடமா? எங்க பயல் நூறு வரைக்கும் மூச்சு விடாமச் சொல்றான். உன் பொண்ணு நாலுக்கே முழிக்குதே!"

நாலு இறங்கி மூணு ஏறின கணக்கில் குன்னி உண்மையாகவே முழித்துக்கொண்டிருந்தது. தாய்க்கு உடம்பு கூசியது. பயமோ பதற்றமோ வந்தால் சருகுமான்கள் காலைத் தட்டும். தாயின் முன்னங்காலும் தன்னை அறியாமல் தரையைத் தட்டியது. ஒரே ஒரு தட்டு.

"ஒண்ணு!" என்றது குன்னி.

"ம்... பரவாயில்லையே" என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டு போனது முள்ளம்பன்றி.

அன்றிலிருந்து குன்னி ஒரு கணக்கைக்கூடத் தவறவிடவில்லை. தாய் பல நாளுக்குப் பிறகு அசந்து தூங்கியது.

கோடை வந்தது. தாயின் முன்னங்காலில் மூங்கில் முள் ஏறியது. கால் வீங்கி, ஊன்ற முடியவில்லை. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் பாலும் வற்றிவிட்டது. குன்னியின் நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் அது தனியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும்.

"ஒரு தடவை சொல்லிட்டுப் படு. அஞ்சு இறங்கிச்சு, மூணு ஏறிச்சு."

கீறிய தடங்களைக் குன்னி பார்க்கவில்லை. வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லேண்டி!"

"உன் கால் இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையேம்மா."

தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் எண்ணியது குட்டி அல்ல, தட்டிக் காட்டிய தன் கால்தான்.

"நாளைக்கு இந்தக் கால் உன்கூட வராதுடி!" என்று கத்தியது.

"நாலு" என்றது குன்னி. "இல்ல, ஒண்ணு. இல்ல..." நடுக்கத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னது.

தாய் சட்டென்று அடங்கியது. காலைச் சருகுக்குள் புதைத்துக்கொண்டது. உதிர்ந்து கல்லாகக் காய்ந்து கிடந்த நெல்லிக்காய்களை மூக்கால் தள்ளிவிட்டது.

"இறங்கின தடத்துக்கு ஒரு காய் வை. ஏறின தடத்துக்கு ஒரு காயை எடு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. காய் உருளும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உருண்டது.

"மூணு."

தப்பு. தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

"இரும்மா... ஒரு காயை எடுக்க மறந்துட்டேன்." வெகுநேரம் கழித்து, "ரெண்டு. ரெண்டு பதுங்கியிருக்கு."

இருட்டும்வரை காய்கள் உருண்டுகொண்டே இருந்தன.

விடிந்ததும் குன்னி இறங்கிப் போனது. தாய் பொந்துக்குள் காதை விடைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் மரத்தடிக்கு வந்தது. ஓடைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. செந்நாய்கள் அப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிடும். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சருகு நொறுங்கியது. முள்ளம்பன்றிதான்.

"எங்க உன் பொண்ணு? தனியாவா அனுப்பின? நல்ல தைரியந்தான் உனக்கு!"

தாய் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது முள்ளம்பன்றியின் பின்னாலிருந்து குன்னி வந்தது. பாறை இடுக்கில் பிய்த்த ஈரப்பாசியை வாய் நிறையக் கவ்வியிருந்தது. பாதியைத் தாயின் முன்னால் போட்டது.

"ஓடையில இறங்கலையா?"

"மேட்டு மண்ணுலயே நின்னு எண்ணினேம்மா. கூழாங்கல் வெச்சு. நாலு இறங்கியிருக்கு. முதல் தடவை நாலும் ஏறிட்டதா வந்துச்சு. தண்ணி வாசனை வேற இழுத்துச்சு. இருந்தாலும் மறுபடி எண்ணினேன். வளைஞ்ச நகத்தை ரெண்டு தடவை எண்ணியிருந்தேன். விரல் இல்லாதது ஏறவே இல்ல."

முள்ளம்பன்றி சிரித்தது. "நாலு எண்ண இவ்வளவு நேரமா? நூறு வரைக்கும் தெரியுமா உனக்கு?"

"தெரியாது பெரியம்மா. நாலு வரைக்கும் தெரியும்."

கீழே, தண்ணீருக்கு மிக அருகில், புதருக்குள்ளிருந்து மறுபடியும் அந்தச் சீழ்க்கை எழுந்தது. முள்ளம்பன்றியின் சிரிப்பு நின்றது. தாயின் கால் தரையைத் தட்டப் பார்த்தது. தாய் அதைச் சருகுக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டு, பாசியின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கியது.

நீதி: நாம் எடுத்துக் கொடுத்த விடை பிள்ளையோடு துணைக்குப் போகாது, தப்பாக எண்ணித் தானே திருத்திக்கொண்ட விடைதான் போகும்.