கரடி வீட்டுக்கு வந்த சுண்டெலி

மலையடிவாரக் காட்டில் ஒரு பாறைக் குகை. அதில் சடைச்சி என்ற அம்மாக் கரடி, தேனப்பன் என்ற அப்பாக் கரடி, அவர்களுடைய குட்டி உருண்டை, மூவரும் குடியிருந்தார்கள்.

உருண்டை அப்போதுதான் நடை பழகியிருந்தது. கொஞ்ச தூரம் நடக்கும், குப்புற விழும். விழுந்ததற்கு அழாது. தூக்கிவிட்டால்தான் அழும்! இந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது என்பாள் சடைச்சி. அம்மாவிடமிருந்து வந்தது என்பான் தேனப்பன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

ஒருநாள் உருண்டை ஓர் அணிலைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். "அது வேணும்! அது வேணும்!" என்று ஒரே அழுகை. புற்றைக் கிளறிக் கறையான் கொடுத்தார்கள், துப்பியது. தேன் கொடுத்தார்கள், நக்கிவிட்டு மறுபடி அழுதது. காடே காதைப் பொத்திக்கொண்டது.

"ஏங்க, பிள்ளை ஏங்கிப் போயிடும்போல இருக்கு. கொறிக்கிற இனத்துல சின்னதா ஒண்ணைக் கொண்டுவந்து வீட்டுல வளர்ப்போமே!" என்றாள் சடைச்சி.

"நல்ல யோசனை! நாம இரை தேடப் போறப்போ குட்டிக்குத் துணையாவும் இருக்கும்" என்றான் தேனப்பன்.

நல்ல யோசனையாம்! குழந்தையையே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு இன்னோர் உயிரைக் கொண்டுவருவது எந்த ஊர் நல்ல யோசனையோ, எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிள்ளைப் பாசம் வந்துவிட்டால் புத்தி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

காக்கையிடம் சொல்லியனுப்பினார்கள். "கரடி வீட்டில் தங்க இடம் உண்டு. தின்னப் பழம் உண்டு. பாம்பு, ஆந்தை பயம் கிடையாது. கொறிக்கிற இனத்தார் வரலாம்!"

முதலில் அணில் வந்தது. வந்தது என்றால் வந்து நிற்கவில்லை. குகைச் சுவரில் ஏறியது, இறங்கியது, தேனப்பன் தலைமேல் ஓடி மறுபக்கம் குதித்தது.

"கொஞ்சம் உட்காருப்பா, பேசுவோம்!" என்றாள் சடைச்சி.

"உட்கார்ந்தா எனக்கு உடம்புக்கு ஆகாதுங்க!"

"எங்க குட்டி உன்னைத் தொட்டு விளையாடலாமா?"

"தாராளமா! ஆனா தொடறதுக்குள்ள நான் மரத்துல இருப்பேன்!"

இது சரிவராது, குட்டி இன்னும் அழும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து முள்ளம்பன்றி சலசலவென்று வந்து நின்றது. "நானும் கொறிக்கிற இனம்தாங்க. வேணும்னா என் பல்லைப் பாருங்க!" என்று ஈயென்று இளித்தது.

"பல்லைப் பத்திச் சந்தேகமே இல்லை. உங்க முதுகைப் பார்த்துத்தான் யோசிக்கிறோம்!" என்றான் தேனப்பன்.

முள்ளம்பன்றி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கொய்யாப் பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவதாக வந்தது பெருச்சாளி. வாசனையோடுதான் வந்தது. சுற்றி வளைக்காமல் பேசியது. "பகல்ல தூங்குவேன். தூங்கும்போது தொட்டா கடிப்பேன். இறுக்கினாலும் கடிப்பேன். மத்தபடி நான் நல்லவன்."

"ஐயய்யோ! பிள்ளையைக் கடிக்கிறதா? வேண்டவே வேண்டாம்!" என்று சடைச்சி உருண்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பெருச்சாளியின் வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "நான் கடிக்க மாட்டேங்க."

ஒரு சுண்டெலி! பெயர் தினை. அதன் வளைக்குள் ஒரு சாரைப்பாம்பு குடிவந்துவிட்டது. தினை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புதரடியில் ஒளிந்து பயந்து பயந்து தூங்கிக்கொண்டிருந்தது. பாம்பு வராத இடம் என்று காக்கை சொன்னதைக் கேட்டதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தது.

"அடி என் செல்லமே! எவ்வளவு சின்னது பாருங்க! சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துணைதானே பொருத்தம்!" என்று சடைச்சி உருகிப்போனாள்.

"கடிக்காது, முள்ளு கிடையாது, ஓடி ஒளியாது. இதுதான் சரி!" என்றான் தேனப்பன்.

பெருச்சாளி போகிற போக்கில் திரும்பிப் பார்த்தது. "கடிக்கிறவனை வேண்டாம்னு சொல்லிட்டீங்க. சரி. கடிக்காதவனுக்கு வலிச்சா, அவன் என்ன செய்வான்?"

எனக்குப் பெருச்சாளி என்றாலே ஆகாது. ஆனாலும் அது கேட்டது நியாயமான கேள்வி. எலியைப் பார்த்து உருண்டை சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தை சிரித்துவிட்டால் பெற்றவர்களுக்கு வேறு எதுவும் காதில் விழாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கரடி இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய்க்கரடி எங்கே போனாலும் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போவாள். குட்டி அவளுடைய சடைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிடி நழுவினால் பள்ளத்தில் விழும், இல்லை புலி வாயில் விழும். அதனால் கண் திறந்த நாள்முதல் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றே ஒன்றுதான். "இறுக்கிப் பிடி! பயமா இருந்தா இன்னும் இறுக்கிப் பிடி! என்ன ஆனாலும் விடாதே!"

உருண்டை இந்தப் பாடத்தில் கெட்டிக்காரக் குட்டி.

முதல் சில நாட்கள் எல்லாம் சுகமாகவே போயின. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தார்கள். தினை குட்டியின் வயிற்றில் ஏறி விளையாடியது. உருண்டை கெக்கெக்கே என்று சிரித்தது. தினைக்கும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது. பாம்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு இலுப்பைப் பூ உதிரும் காலம் வந்தது. இலுப்பைப் பூ என்றால் கரடிகளுக்குத் தலைகால் புரியாது. வழக்கமாக உருண்டையும் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு போகும். அன்று குட்டி தினையோடு விளையாடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் வரவில்லை.

"இருக்கட்டும் விடு. அதான் எலி இருக்கே, பார்த்துக்கும்!" என்றான் தேனப்பன்.

"தினை, குட்டியைப் பார்த்துக்கோ கண்ணு. இதோ வந்துடறோம்!" என்றாள் சடைச்சி.

"அக்கா, நானா? நான் எப்படி..." என்று தினை தொடங்குவதற்குள் இரண்டு பேரும் மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள்.

உருண்டை தினையைக் கையில் எடுத்தது. மெதுவாகத்தான் எடுத்தது. மூக்கோடு மூக்கு உரசியது. அந்த நேரம் பார்த்துக் குகைக்கு வெளியே ஒரு காய்ந்த மரக்கிளை படாரென்று முறிந்து விழுந்தது!

உருண்டை நடுங்கிப்போய்விட்டது. அம்மாவைத் தேடியது. அம்மா இல்லை. பயமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? அதற்குத் தெரிந்ததைச் செய்தது. கையில் இருந்ததை இறுக்கிப் பிடித்தது.

"மெதுவா... உருண்டை... மெதுவா!" என்றது தினை. குரல் வெளியே வரவில்லை. கண் பிதுங்கியது. கடித்தால் ஒருவேளை விடும். ஆனால் கடிக்க மாட்டேன் என்று சொல்லித்தானே இந்த வீட்டுக்குள் வந்தது! கடித்தால் நாளைக்கு மறுபடி பாம்புப் புதர்தான். தினை பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தது. பாவம்!

நல்ல வேளை, கிளை முறிந்த சத்தம் சடைச்சிக்கும் கேட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடி வந்தார்கள். குட்டியின் பிடிக்குள் தினையின் தலை தொங்குவதைப் பார்த்தார்கள்.

"விடு! எலியை விடு!" என்று சடைச்சி அலறினாள்.

அம்மா அலறினால் குட்டிக்குப் பயம் கூடத்தானே செய்யும்? பிடி இன்னும் இறுகியது.

"விடுடா!" என்று தேனப்பன் உறுமினான். இன்னும் இறுகியது! விரலைப் பிரிக்கலாம் என்று கையை நீட்டினான். அவனுடைய நகமோ அரிவாள் மாதிரி. எங்கே பட்டாலும் எலி இரண்டு துண்டு. அவ்வளவு பெரிய கரடி, செய்வதறியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

தினைக்கு உலகம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சின்ன மூளை சும்மா இருக்கவில்லை. இந்தக் கை எதற்குத் திறக்கும்? எதைக் கண்டால் மற்றதையெல்லாம் விடும்?

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னது. "முதுகு... அக்கா... முதுகைக் காட்டுங்க!"

சடைச்சிக்குச் சட்டென்று புரிந்தது. திரும்பினாள். குட்டிக்கு எதிரே தாழ்ந்து படுத்தாள். முதுகுச் சடை உருண்டையின் மூக்கில் உரசியது. அம்மா முதுகு! உருண்டை இரண்டு கையையும் நீட்டித் தாவி அந்த முடியைப் பிடித்துக்கொண்டது.

தினை பொத்தென்று தரையில் விழுந்தது. அசையவில்லை. தேனப்பன் குனிந்து மெல்ல ஊதினான். மீசை ஆடியது. ஒரு கண் திறந்தது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

வந்ததும் தேனப்பனுக்குக் கோபமும் வந்தது. "அறிவு இருக்கா உனக்கு? ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தியே!" என்று உருண்டையை அடிக்கக் கை ஓங்கினான்.

"அடிக்காதீங்க அண்ணே!" என்றது தினை, படுத்தபடியே. "அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு. பயமா இருந்தா இறுக்கிப் பிடின்னு அதுக்குச் சொன்னது யாரு?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. சடைச்சி அழுதுவிட்டாள். "தப்பு எங்களுதுதான் தினை. பிள்ளைக்குத் துணைன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தோம். பிள்ளையோட பொறுப்பையும் உன் தலையில வெச்சிட்டுப் பூ பொறுக்கப் போயிட்டோம்!"

தேனப்பன் தலையைச் சொறிந்தான். "பேசாம அந்தப் பெருச்சாளியையே கூப்பிடலாமா? அதுக்கு உடம்பு கெட்டி."

"அது பிள்ளையைக் கடிக்கும். நீங்க அதை அடிப்பீங்க. யார் வந்தாலும் யாரோ ஒருத்தருக்கு அடிதான். மாற வேண்டியது எலி இல்லைங்க, நாமதான்!" என்றாள் சடைச்சி.

தினை நொண்டி நொண்டிக் குகை வாசல் வரை போனது. வெளியே பார்த்தது. தூரத்துப் புல் லேசாக அசைந்தது. பாம்போ என்னவோ என்று தினை அங்கேயே நின்றுவிட்டது.

"வெளியே பகை, உள்ளே பாசம். ரெண்டும் சேர்ந்து என் மூச்சை நிறுத்தப் பார்க்குது. நான் எங்கேதான் போக?" என்றது.

கேட்கவே கஷ்டமாக இருந்தது. சடைச்சி எழுந்து போய் வாசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கேயும் போக வேண்டாம். என்ன வேணும்னு நீ சொல்லு. நீ சொல்றபடிதான் இனி இந்த வீடு."

தினை கொஞ்சம் யோசித்தது. "அதோ, குகைச் சுவர்ல இருக்கிற அந்தப் பாறை வெடிப்பு எனக்கு. அதுக்குள்ள குட்டியோட கை வரக்கூடாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாம நான் வெளியே வர மாட்டேன். குட்டி என்னைத் தூக்கக்கூடாது. அது கையைத் தரையில விரிச்சு வெக்கட்டும், எனக்குத் தோணினா நானே ஏறிக்கறேன்."

"இன்னொண்ணும் சேர்த்துக்கோ. அது கைக்குக் கீழே எப்பவும் என் கை இருக்கும்" என்றாள் சடைச்சி.

அப்படியே நடந்தது. உருண்டைக்குக் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலி வருவதற்குள் மூடிவிடும், திறக்கும், கத்தும், உருளும். பல நாள் தினை வெளியே தலையைக் கூட நீட்டவில்லை. இலுப்பைப் பூ கீழே உதிர்ந்து காய்ந்தது. சடைச்சி அதைப் பொறுக்கப் போகவில்லை. தேனப்பன் மடியில் கட்டாத குறையாகப் பூவைச் சுமந்துகொண்டு வந்து அவளுக்குக் கொடுத்தான். "ஒரு சுண்டெலிக்கு இவ்வளவு பாடா!" என்று அவன் முணுமுணுத்ததும் உண்டு. ஆனாலும் அவள் வெளியே போனால் இவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஒருவழியாகக் குட்டியின் கை விரிந்தபடி இருக்கப் பழகியது. தினையும் வந்து ஏறியது. பிறகு தினமும் ஏறியது. உருண்டை மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே சடைச்சியின் கை சும்மா கிடக்கும்.

"இனிமே அந்தக் கை எதுக்கு? குட்டிதான் பழகிடுச்சே!" என்றான் தேனப்பன்.

"கிடக்கட்டும். சும்மா இருந்தா கைக்கு என்ன வலிக்கவா போகுது?" என்றாள் சடைச்சி.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் தினை உருண்டையின் கையில் உட்கார்ந்து ஒரு விதையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அப்போது மலையே பிளந்ததுபோல ஓர் இடி இடித்தது!

உருண்டை வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் கழுத்தில் தாவியது. விதை ஒரு பக்கம் பறந்தது. தினை அந்தரத்தில் புரண்டு விழுந்தது.

விழுந்த இடம் சடைச்சியின் உள்ளங்கை.

தினை கண்ணைத் திறந்து மேலே பார்த்தது. சடைச்சி ஒரு கையால் அழுகிற பிள்ளையை அணைத்திருந்தாள். இன்னொரு கையை அசைக்காமல் விரித்து வைத்திருந்தாள். "அடி படலியே, கண்ணு?" என்று கேட்டாள்.

"படலை அக்கா!" என்றது தினை. அன்று அது பாறை வெடிப்புக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தக் கையிலேயே சுருண்டு தூங்கிவிட்டது.

பிள்ளையின் ஆசைக்காக ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த உயிருக்குக் காவல் பிள்ளை அல்ல, பெற்றவர்களே.