சாக்குல போட்ட பூண்டு

அவரா? கேட் ஓரமா உக்காந்து சிந்துன வெங்காயம் பொறுக்குறாரே, அவரத்தான கேக்குறீங்க? பிச்சக்காரர் இல்ல டிரைவரே. பேரு இருளப்பன். போன வருஷம் வரைக்கும் எங்கள மாதிரி லோடுமேன். எப்பிடி இப்பிடி ஆனாருன்னா அது ஒரு கத. கடைசில ஒரு கேள்வி கேப்பேன், யோசிச்சுச் சொல்லுங்க. இங்க ஆளுக்கு ஒரு பதில் வச்சிருக்கோம், ஒருத்தர் பதில் ஒருத்தருக்கு ஆகாது.

இந்தச் சந்தைல நாங்க அறுபத்தொரு பேரு. எந்த லாரிக்கு யாரு போறதுன்னு முறை சொல்றவரு மேஸ்திரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். இருபத்திரண்டு வருஷமா செவத்தியான்தான் ஜெயிச்சாரு. யோக்கியர்னு சொல்லமாட்டேன். நல்ல லாரி வந்தா மொத ஆளா மச்சினனக் கூப்பிடுவாரு. ஆனா இருளப்பனுக்கு முழங்கால் போனதுல இருந்து, கறிவேப்பிலக் கட்டத் தவிர வேற சுமைய அவரு தலைல ஏத்தவிட்டதில்ல. செவத்தியான் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. இருளப்பன் அவருக்குக் 'கறிவேப்பில'. நான் ராத்திரிப் பள்ளிக்கூடம் போயி எட்டாவது பாஸ் பண்ணதால 'வாத்தி'. மச்சினனுக்கு வச்ச பேர இங்க சொல்ல முடியாது.

போன வருஷம் மண்டிக்காரங்க ஒரு யோசன சொன்னாங்க. இனிமே முறைய மிஷின் சொல்லும், அவங்கவங்க போனுக்கே வந்துரும், மேஸ்திரியும் வேணாம், தேர்தலும் வேணாம்னு. "மிஷினுக்கு மச்சினன் கெடையாதுல்ல"ன்னு ஒருத்தன் கேட்டான். அது எங்களுக்கும் சரின்னு பட்டுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கூட்டம், சண்ட, பேச்சுவார்த்த இல்லாம மொறச்சுக்கிட்டுத் திரியிறது, எல்லாமே அலுத்துப்போச்சு. சரி, இனிமே ஓட்டு வேணுமா வேணாமான்னு கடைசியா ஒரு ஓட்டுப் போட்டுப் பாத்துருவோம்னு முடிவாச்சு.

எங்க ஓட்டுக்குச் சீட்டெல்லாம் இல்ல. டீக்கட ராக்கம்மாக்காதான் அதிகாரி, ஏன்னா அது எந்தப் பக்கமும் சேராது, எல்லாரையும் ஒரே மாதிரி திட்டும். வாயக் கட்டுன சாக்குல கை நொழையுற அளவு ஓட்ட. சின்ன வெங்காயம் போட்டா செவத்தியான், பூண்டுப் பல்லு போட்டா மிஷின். எண்ணி முடிச்சதும் எல்லாம் அக்காவுக்கு. மறுநாள் காலைல எங்க ஓட்டெல்லாம் சட்னியாயிரும்.

ஓட்டுக்கு மொத நாள் எல்லார் போனுக்கும் ஒரு பேச்சு வந்துச்சு. செவத்தியான் குரல், நடுவுல அதே இருமல். "முழங்கால் போன இருளப்பன் மாதிரி ஆளுங்கள எத்தன நாள் சுமக்குறது, ஓட்டு முடியட்டும், கழட்டி விட்டுருவேன்"னு. செவத்தியான் "நான் பேசலப்பா"ன்னாரு. "பேசுனவன் எவன் பேசுனேன்னு ஒத்துக்குவான்"னு சிரிச்சாங்க.

ராக்கம்மாக்கா எண்ணுச்சு. வெங்காயம் முப்பது. பூண்டு முப்பத்தொண்ணு.

சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகல, மண்டி கிளார்க் பொன்ராசு வந்து செவத்தியான் முன்னாடி நின்னான். "மாமா, அந்தக் குரல் நான் போன்ல செஞ்சது. ரெண்டு நிமிஷ வேல. நீங்கதான் எப்பிடியும் ஜெயிச்சிருவீங்களேன்னு வெளையாட்டுக்கு விட்டேன்."

இருளப்பன் எந்திரிச்சாரு. "நான் பொய்ய நம்பிப் போட்டுட்டேன். என் பூண்டக் குடுங்க, மறுபடி போடுறேன்."

ராக்கம்மாக்கா சாக்க அணச்சுப் பிடிச்சுக்கிச்சு. "இதுல எதுய்யா ஒம் பூண்டு? அது தெரியக் கூடாதுன்னுதான சாக்கு. சொன்ன முடிவு சொன்னதுதான். இன்னைக்கு ஒரு பொய்யின்னு திருப்பிப் போட்டா, நாளைக்குத் தோக்குறவன் எல்லாம் ஒரு பொய்யத் தூக்கிட்டு வருவான்."

எல்லாரும் செவத்தியானப் பாத்தோம். அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருப்பிப் போட்டிருப்போம். அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொண்டையக் கேட்டவங்க நீங்க"ன்னாரு. அவ்வளவுதான். கரூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு.

மிஷின் வந்துச்சு. மச்சினன் இல்ல, வாஸ்தவம். முழங்காலும் தெரியாது. இருளப்பனுக்கு ஐம்பது கிலோ மூட்ட முறை வந்துச்சு. ரெண்டு தடவ முடியாதுன்னாரு. மூணாவது தடவ பேரே இல்ல. யாருகிட்டப் போயி கேக்குறது?

இப்ப சொல்லுங்க டிரைவரே. திருப்பிப் போடணும்னு நின்ன இருளப்பன், சாக்கக் காப்பாத்துன ராக்கம்மாக்கா, அந்த ஒரு வார்த்தயச் சொல்லாமப் போன செவத்தியான். மூணு பேர்ல யாரு செஞ்சது சரி?

என்னக் கேட்டா இருளப்பன். அக்கா சொன்னது மத்த வருஷம்னா சரி. தப்பான ஆள உக்கார வச்சாலும் ரெண்டு வருஷத்துல எறக்கிறலாம். இது கடைசி ஓட்டு, அதத் திருத்த இன்னொரு ஓட்டு கெடையாது. செவத்தியான் ரோசப்பட்டாரு. மேஸ்திரி வேல அவரோடதுதான், முறை அவரோடது மட்டுமில்லையே. ஆனா ஒண்ணு. 'செவத்தியான் ஒன்னய என்னைக்காவது இருளப்பன்னு கூப்பிட்டிருக்காரா, அதுலயே பொய்க் குரல்னு தெரியலயா'ன்னு நானே இருளப்பன்கிட்டக் கேட்டேன். "தெரிஞ்சுச்சு தாவூது. முதுகுக்குப் பின்னாடி பேசுறப்ப பேரச் சொல்லித்தான் பேசுவாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்"னாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்க? நான் போட்டதும் பூண்டுதான்.

இருங்க, போன் கத்துது.

"முறை பதினேழு. தாவூது. ஏழாம் நம்பர் கடை, பூண்டு லாரி."

குரலக் கேட்டீங்களா, நடுவுல அந்த இருமல? செவத்தியான் தொண்டதான். பழகுன குரல்னா ஆளுங்க சட்டுனு எந்திரிப்பாங்கன்னு மண்டிக்காரங்க அதையே மிஷினுக்குள்ள வச்சுட்டாங்க. வாத்தின்னு மட்டும் கூப்பிடாது.

இந்தா, வந்துட்டேன்.