டேங்குக்குள் ஒரு கிளீனர்

இது நிஜமாகவே நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். மேற்கு மலை அடிவாரத்தில் கொட்டக்கோம்பை என்று ஓர் ஊர். அங்கே போய் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொல்வார்கள்.

அந்த ஊரில் ஒச்சப்பன், அவர் தம்பி பவுன்ராசு, மனைவியின் தம்பி காசிமாயன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு டர்போ ஜீப் வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. அது அன்றன்று யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. டர்போ என்றால் என்ன என்று கேட்டால் ஒச்சப்பன், "அது உள்ளே இருக்கு" என்பார். அதற்கு மேல் அவரும் போனதில்லை.

தினமும் காலையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு பதினெட்டு வளைவு ஏறி, மலைமேல் இருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டி வர வேண்டும். மூன்று குடும்பமும் அந்த ஜீப்பை நம்பித்தான் உலை வைத்தது.

கொஞ்ச நாளாக ஜீப்புக்கு மூச்சு வாங்கியது. மூன்று நாளைக்கு வந்துகொண்டிருந்த டீசல் ஒன்றரை நாளிலேயே தீர்ந்தது. ஏற்றத்தில் பின்னால் ஒரு கரும்புகை கிளம்பும். அதைப் பார்த்துவிட்டு, மலையில் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஒருமுறை வனத்துறை ஆட்களே ஓடிவந்தார்கள்.

எஸ்டேட் சூப்பர்வைசர் வர்கீஸ் மலையாளத்துக்காரர். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "எந்தா ஒச்சப்பா, இது வண்டியா அடுப்பா? ஏலக்காய் எல்லாம் புகை மணக்குது. திங்கக்கிழமை நான் பார்ப்பேன். புகை இருந்தால் செவ்வாய் தொட்டு தேவாரம் ஊர்க்காரன் ஜீப் வரும்."

மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு போடி டவுனுக்குப் போனார்கள். மெக்கானிக் சிக்கந்தர் பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கால்களிடம் ஒச்சப்பன் எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணு விஷயம் சொல்றேன், கவனமாக் கேளுங்க," என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு, டர்போ வண்டியை மலை ஏறினதும் பட்டுனு ஆஃப் பண்ணக் கூடாது. டர்போ நெருப்பா இருக்கும். ஆறவிட்டு ஆஃப் பண்ணுங்க. ரெண்டு, தேவையில்லாத வெயிட்டை இறக்குங்க. மூணு, இன்ஜினுக்குள்ள கரி பிடிச்சுக் கிடக்கு. வாரத்துக்கு ஒருக்கா நல்லா விரட்டுங்க, கரியெல்லாம் தானா வெளிய வந்துரும். ஞாயித்துக்கெழமை வண்டியைக் கொண்டாந்து விடுங்க, பிரிச்சுப் பாத்துடுவோம்."

மூன்று விஷயம் என்று சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்று சொன்னதால், அது வேறு யாருக்கோ என்று மூன்று பேரும் விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் எஸ்டேட்டில் போய் நின்றது. பெண்கள் இறங்கி வேலைக்குப் போனார்கள். ஒச்சப்பன் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார். பவுன்ராசு பானட்டைத் திறந்து டர்போவைத் தொட்டுப் பார்த்தான். தோல் பொசுங்கியது.

"ஆறலண்ணே."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் தொட்டான், வேறு விரலால். "இன்னும் ஆறல."

"சும்மா பாத்துக்கிட்டே நின்னா எப்படிடா ஆறும்?" என்றான் காசிமாயன். "விசிறணும்."

ஏலக்காய் புடைக்கிற முறம் மூன்று வாங்கி வந்து, முறை வைத்து விசிறினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்த பெருமாயி நின்று பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவள், வாய்க்காரி.

"என்னண்ணே, மாப்பிள்ளைக்கு விசிறுற மாதிரி வண்டிக்கு விசிறுறீக? நிப்பாட்டினா அது பாட்டுக்கு ஆறிட்டுப் போகுது."

ஒச்சப்பன் மற்ற இருவரையும் பார்த்தார். "கேட்டீங்களாடா? ஆறினாத்தான் நிப்பாட்டணும்னு பாய் சொல்றாரு. நிப்பாட்டினாத்தான் ஆறும்னு இவ சொல்றா. மெக்கானிக் வேலையில பொம்பளைக வாயைக் குடுத்தா இப்படித்தான், தலையும் புரியாது, காலும் புரியாது."

மூன்று மணிக்கு டீசல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்றது. அரை மணி நேரத்தில் டர்போ ஆறிவிட்டது.

"பாத்தீங்களா," என்றான் பவுன்ராசு, ஊதிக்கொண்டிருந்த விரலை நீட்டி. "பொறுமையா இருந்தா எதுவும் ஆறும்."

எஸ்டேட்டில் கடன் டீசல் வாங்கி இறங்கி வந்தவர்கள், வெள்ளிக்கிழமை வெயிட்டை இறக்கினார்கள். முதலில் ஸ்டெப்னி. பிறகு ஜாக்கி, பின்கதவு, கூரைத் தார்ப்பாய். பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது.

"கண்ணாடி தேவைதானே மாமா?" என்றான் காசிமாயன்.

"அது எதுக்கு?"

"பின்னாடி வர்றதைப் பாக்க."

"நாம எந்தப் பக்கம் போறோம்?"

"முன்னாடி."

"அப்பறம்?"

கண்ணாடி கழற்றப்பட்டது. அதற்குப் பிறகு ஒச்சப்பன் ஜீப்பைச் சுற்றி வந்து, உட்காரத் தயாராக நின்ற பன்னிரண்டு பெண்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓடத் தேவை என்ன? டீசல், டிரைவர். இதுக மொத்தமா எவ்வளவு வெயிட் வரும்?"

"ஆளுக்கு ஒண்ணா தூக்கிப் பாத்துரலாமா?" என்று பவுன்ராசு ஒரு அடி முன்னே வந்தான். பெருமாயி கையில் இருந்த அரிவாளைப் பார்த்து அதே ஒரு அடி பின்னே போனான்.

பெண்கள் பதினெட்டு வளைவும் நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாக, வெயிட் என்று இறக்கிவிடப்பட்ட பவுன்ராசுவும் காசிமாயனும் நடந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் காலி ஜீப்பில் விர்ரென்று ஏறி ஆறேகாலுக்கே எஸ்டேட்டில் நின்றார்.

வர்கீஸ் எட்டிப் பார்த்தார். "வேலைக்காரிகள் எவிடே?"

"பின்னாடி வர்றாங்க சார். அதை விடுங்க, டீசலைப் பாருங்க. முள்ளு அசையவே இல்லை!"

வெயில் ஏறி, பத்தரை மணிக்குத்தான் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பெருமாயி சொன்னாள்: "அடுத்த தடவை அந்த ஒச்சப்பண்ணனையும் இறக்கிவிட்டுட்டு வண்டியை மட்டும் வரச் சொல்லுங்க சார். இன்னும் மிச்சமாகும்."

ஒச்சப்பன் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அதையே யோசித்தார். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்ற ஒரு இடத்தில்தான் இடித்தது.

சனிக்கிழமை எஸ்டேட்டுக்கு விடுமுறை. அன்றைக்கு விரட்டுவது என்று முடிவானது. காசிமாயனும் பவுன்ராசுவும் ஆளுக்கொரு புளியங்குச்சி ஒடித்துக்கொண்டு வந்தார்கள்.

"முன்னாடி நின்னு விரட்டணுமா, பின்னாடி நின்னா?" என்று கேட்டான் பவுன்ராசு.

காசிமாயன் யோசித்தான். "முன்னாடி நின்னா வண்டியில்லடா நம்மளை விரட்டும்?"

ஆக, பின்னாடி. ஒச்சப்பன் ஜீப்பை எடுத்தார். இருவரும் "ஏய்! ஓய்! போ!" என்று குச்சியால் தட்டிக்கொண்டே துரத்தினார்கள். இளகிய மனசுக்காரரான ஒச்சப்பன், தம்பியும் மச்சினனும் ஓடிக் களைக்கக் கூடாதே என்று முதல் கியரைத் தாண்டவில்லை. இன்ஜின் உறுமியது. கரும்புகை மொத்தமும் பின்னால் ஓடிவந்த இருவர் முகத்திலும் அப்பியது.

கடைவீதியில் இருந்தவர்கள் எதைக் கண்டார்கள்? ஒருவன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகிறான். இரண்டு பேர் குச்சியோடு கத்திக்கொண்டே துரத்துகிறார்கள். வண்டித் திருடன்தான், வேறென்ன? நாலு பேர் பாய்ந்து ஒச்சப்பனை இழுத்துப் போட்டு, யார் என்று பார்ப்பதற்கு முன்னால் கன்னத்தில் இரண்டு, முதுகில் மூன்று வைத்தார்கள். யார் என்று பார்த்த பிறகு ஒன்று. அது ஏன் என்று அடித்தவர் இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் ஒச்சப்பனுக்கு வருத்தமே இல்லை. தம்பியின் முகத்தையும் மச்சினனின் முகத்தையும் பார்த்தார். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. "பாய் கெட்டிக்காரர்டா!" என்றார் வீங்கிய வாயோடு. "எவ்வளவு கரி வெளிய வந்திருச்சு பாரு!"

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தள்ளிக்கொண்டே போய்ச் சிக்கந்தர் பாயின் பட்டறையில் விட்டார்கள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரு டீ குடித்தார். அடுத்து இன்னொரு டீயும் குடித்தார்.

"இனிமே நீங்க எதையும் தொடாதீங்க. ஃபில்டரை நான் பாத்துக்கறேன், கரியை நான் எடுக்கறேன். கடைசியா டேங்குல ஒரு கிளீனர் போடணும், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் பானட்டுக்குள் தலையை விட்டார்.

மூன்று பேரும் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கிளீனரா? லாரிக்குத்தானே கிளீனர் வைப்பாங்க?" என்றான் பவுன்ராசு.

"டர்போ வண்டியாச்சேடா," என்றார் ஒச்சப்பன்.

"டேங்குக்குள்ள எப்படிண்ணே போவான்?"

அதற்குத்தான் காசிமாயன் ஒரு கயிற்றால் டேங்கின் வாயைச் சுற்றளவு எடுத்து வந்திருந்தான். மூவரும் நேராக மொக்கைச்சாமி வீட்டுக்குப் போனார்கள். அவர் முப்பது வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவர். இப்போது வயது அறுபத்திரண்டு. ஊரிலேயே ஒல்லி அவர்தான்.

"ஒரு நாள் வேலை, சித்தப்பா," என்றார் ஒச்சப்பன். காசிமாயன் கயிற்று வளையத்தை அவர் தலையில் மாட்டிப் பார்த்தான். உச்சிக் குடுமிகூட உள்ளே போகவில்லை. கையில் மாட்டினான்.

"மணிக்கட்டு போகுது மாமா!"

"கை போனா ஆள் போன மாதிரிதான். மெதுவா உருவிரலாம்."

"எங்கடா உருவப் போறீங்க?" என்று கேட்டார் மொக்கைச்சாமி. சொன்னார்கள்.

"கேபின்ல உக்காந்திருக்கேன், லோடு மேல உக்காந்திருக்கேன், ஒரு தடவை மழையில லாரிக்கு அடியிலயும் உக்காந்திருக்கேன். டேங்குக்குள்ள உக்காருன்னு எந்த ஓனரும் சொன்னதில்லடா!" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்வாசல் வழியாக எடுத்த ஓட்டம், அறுபத்திரண்டு வயதுக்கு ரொம்ப நல்ல ஓட்டம்.

தோற்றுப்போய் சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பினார்கள். சிக்கந்தர் பாய் வேலையை முடித்திருந்தார். ஏர் ஃபில்டரிலிருந்து தட்டிய தூசி ஒரு சட்டி இருந்தது. டர்போவுக்குப் போகிற ஹோஸ் கழன்று கிடந்ததை இறுக்கி, ஆயிலும் மாற்றியிருந்தார்.

"கிளீனர் கிடைக்கல பாய்," என்றார் ஒச்சப்பன் தலையைத் தொங்கப்போட்டு.

"நீங்க எங்க போய்த் தேடுனீங்க? இந்தா, எங்கிட்டயே இருக்கு." ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்து டேங்கில் கடகடவென்று ஊற்றினார். "இதான் கிளீனர்."

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எந்த ஊர்க்காரனோ," என்றான் மெல்ல.

"கரைச்சிருப்பாங்களாண்ணே?" என்று பவுன்ராசு கேட்டான்.

"கரைச்சா இவ்வளவு கெட்டியா இருக்காதுடா. சுண்டக் காய்ச்சியிருக்காங்க."

அதற்குள் பாய் இன்ஜினைக் கிளப்பியிருந்தார்; அந்தச் சத்தத்தில் அவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. ஒச்சப்பன் பக்கத்தில் போய்க் கேட்டார்: "பாய், உள்ள எத்தனை நாளைக்கு வேலை பாக்கும்?"

"இந்த டேங்க் தீர்ற வரைக்கும் பாக்கும்."

"பேரு?"

"பாட்டில்லயே போட்டிருக்கு பாருங்க."

காலிப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்கள். பேர் இங்கிலீஷில் இருந்தது.

"படிச்ச பையன் போல," என்றான் காசிமாயன். பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ஜீப் பன்னிரண்டு பெண்களோடு பதினெட்டு வளைவும் பூனை மாதிரி ஏறியது. புகை என்ற பேச்சே இல்லை. எஸ்டேட் வாசலில் வர்கீஸ் காத்திருந்தார். இன்ஜினை உறுமவிடச் சொல்லி, சைலன்சருக்கு நேராகத் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். எடுத்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"கொள்ளாம் ஒச்சப்பா! இந்த சீசன் முழுக்க உன் வண்டிதான்."

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது. டேங்க் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "என்கிட்ட ஒண்ணுமில்ல சார். எல்லாம் அவன் உழைப்பு," என்றார். வர்கீஸ், அவர் ஆண்டவனைச் சொல்கிறார் என்று நினைத்து, தானும் ஒருமுறை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனால் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்த மூன்று பேருக்கும் வாயில் வைக்க முடியவில்லை.

"நாம இங்க திங்கிறோம்," என்றான் பவுன்ராசு. "அவன் நேத்து சாயங்காலத்திலருந்து உள்ளயே வேலை பாக்குறான். பச்சைத் தண்ணிகூட இல்ல."

"டீசல் இருக்கேடா," என்றார் ஒச்சப்பன்.

"அதையே எத்தனை வேளை குடிப்பான் மாமா?" என்றான் காசிமாயன்.

செவ்வாய்க்கிழமை காலை, பெண்கள் ஏறி உட்காருவதற்கு முன்னாலேயே ஒரு தூக்குச்சட்டி கம்மங்கூழ் தயாராக இருந்தது. மோர் விட்டு, உப்புப் போட்டு, இறங்கட்டும் என்று நீர்க்கக் கரைத்திருந்தார்கள். டேங்க் வாயில் புனலை வைத்து, "மெதுவா குடிப்பா, புரை ஏறிரும்," என்று சொல்லிச் சொல்லிக் காசிமாயன் ஊற்றினான். கடித்துக்கொள்ள வைத்த சின்ன வெங்காயம் மட்டும் புனலில் சிக்கிக்கொண்டது. "வெங்காயம் பிடிக்காது போல," என்று அதை எடுத்துப் பவுன்ராசு தின்றான்.

ஜீப் ஏழு வளைவு ஏறியது. எட்டாவதில் இருமியது, விக்கியது, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. ஒச்சப்பன் சாவியைத் திருகினார். அசையவில்லை.

"என்னத்தை ஊத்தித் தொலைச்சீக?" என்று பெருமாயி உள்ளேயிருந்து கத்தினாள்.

ஒச்சப்பன் இறங்கிப் போய், முட்டி போட்டு, டேங்கில் காதை வைத்தார். களக், களக் என்று உள்ளே ஒரு சத்தம். அப்புறம் அதுவும் அடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. தம்பிக்கும் மச்சினனுக்கும் ஜாடை காட்டினார். வெயில் படாமல் இருக்க அவர்கள் இருவரும் துண்டை விரித்து டேங்குக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த பஸ் வழி கிடைக்காமல் ஹாரனை அலறவிட்டது. பெருமாயியும் மற்ற பதினொரு பேரும் தலையில் அடித்துக்கொண்டு இறங்கி, அந்த பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒச்சப்பன் நடுரோட்டில் ஓடிப்போய், இரண்டு கையையும் தூக்கி டிரைவரிடம் கிசுகிசுத்தார்:

"ஹாரன் அடிக்காதப்பா! நல்லா வயிறு முட்டக் குடிச்சிட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."